அக்காவின் தரை

எங்கள் தெருவில் பெண்கள் எழுந்து நின்று நான் அதிகம் பார்த்ததில்லை. கால்வாய்க் கரையோரம் ஒற்றை வரிசையாகப் போகிற வீடுகள். காலையில் சோற்றை வடித்து இறக்கிய கையோடு சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தார்கள் என்றால், சாயங்காலம் பீடிக்கடைக்காரர் வந்து சைக்கிள் மணியை அடிக்கும் வரை அந்த உட்காருதல் கலையாது. பீடி இலையும் புகையிலைத் தூளும் நூலும் கத்தரியும் நிறைந்த முறம் அது. வாசலில், நடையில், கால்வாய்ப் படியோரத்தில், சுவரின் நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து, விரல்களை மட்டும் நிறுத்தாமல், உட்கார்ந்தே வாழ்ந்தார்கள். பேச்சுதான் எழுந்து நடக்கும். முதல் வீட்டில் புறப்பட்ட பேச்சு கடைசி வீட்டை அடையும்போது இரண்டு பிள்ளை பெற்றிருக்கும்.

அந்த வரிசையில் என் அக்காவும் ஒருத்தி. என்னைவிட ஆறு வயது மூத்தவள். இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவளுடைய கால்களை அந்த வயதிலேயே நிறுத்திவிட்டது. இரண்டு கைகளிலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளங்கையை ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கி முன்னால் வைத்துப் போவாள். அப்படியே கடைக்குப் போவாள். அப்படியே ஆறேழு வீடு தள்ளிப் போய் இன்னொருத்தி குழம்புக்கு உப்புப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவாள். காலுக்குப் போடுகிற நான் ஒரு ஜோடிச் செருப்பை வருஷம் முழுக்க வைத்திருப்பேன். கைக்குப் போடுகிற அவளுக்கு இரண்டு மாதம் தாங்காது. அவ்வளவு ஊர் சுற்றினாள்.

நான் ஜங்ஷன் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவன். மடிப்பைப் பிரிப்பது, தோளில் போட்டுக் காட்டுவது, மறுபடி மடிப்பது எல்லாம் இடையிடையே. நிற்பதுதான் வேலை. வாங்க வந்தவர்களுக்கு நாற்காலி உண்டு, எங்களுக்குக் கிடையாது. கெண்டைக்காலில் நரம்புகள் பச்சை பச்சையாகச் சுருண்டிருக்கின்றன. வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நின்றே பிழைக்கிற நான், உட்கார்ந்தே பிழைக்கிற அக்கா, எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிற என் மனைவி.

ஒரு மார்கழியில் வெள்ளம் வந்தது. மணிமுத்தாறு அணை திறந்தாயிற்று, பாபநாசம் அணை திறந்தாயிற்று என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மழை இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. மீதியைத் தண்ணீரே வந்து சொன்னது. அக்காவை முதுகில் போட்டுக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், பள்ளிக்கூடம் வரை நடந்தேன். என் நெஞ்சின் மேல் கோத்திருந்த அவள் கைகளில் செருப்பு அப்படியே இருந்தது.

"ஏலே, செருப்பு ஒன் மூஞ்சில இடிக்குதா?"

சுற்றிலும் தாமிரபரணி. அவளுக்கு அதுதான் கவலை.

வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், தெருவின் கடைசியில் வாடகை ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவரின் வீடு இருந்த இடத்தில் ஆற்று மணல் இருந்தது. எங்கள் வீட்டில் பின்சுவர் இல்லை. மிச்சச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் நெஞ்சு உயரத்தில் தெரிந்தது. அக்கா அதை அண்ணாந்து பார்த்தாள். உட்கார்ந்திருந்த அவளுக்குத் தலைக்கு மேலே ஒரு முழம்.

ஆகவே, கரையில் இருப்பது ஆபத்து, ஊருக்குத் தெற்கே அடுக்குமாடி கட்டியிருக்கிறோம், அங்கே வந்துவிடுங்கள் என்று அதிகாரிகள் வந்து சொன்னபோது நாங்கள் மறியல் எதுவும் செய்யவில்லை. அடித்துத் துரத்தினார்கள் என்று எழுதினால் எடுப்பாக இருக்கும். ஆனால் பொய். எங்களுக்கு வேண்டித்தான் இருந்தது. பின்சுவருக்குப் பதிலாகக் கட்டியிருந்த தார்ப்பாய் காற்றில் அடிக்கிற சத்தத்தை ஒரு மழைக்காலம் கேட்டுவிட்டவர்களுக்குச் சிமெண்ட் என்ற சொல்லே சாமி பேர் மாதிரி.

கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பலகைக் கணினி, தோளில் பை, வெயிலில் சிவந்த முகம். வீடு வீடாக நின்று கேட்டுக் கேட்டு விரலால் தட்டிக்கொண்டு வந்தாள். அன்று கடைக்கு விடுமுறை. நான் வாசலில் நின்றேன். அக்கா நடையில், சுவரில் சாய்ந்து, சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே இருந்ததையெல்லாம் சுளகும் சேலையும் மறைத்திருந்தன. தெருவில் இருந்த எல்லாப் பெண்களையும் போலத்தான் இருந்தாள்.

அந்தப் பெண் கேட்டாள். எத்தனை பேர். யார் யாருக்கு என்ன உறவு. என்ன தொழில். பிறகு, திரையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே:

"மாற்றுத்திறனாளி யாரும் உண்டுமா அண்ணாச்சி?"

"இல்லை" என்றேன்.

அவள் நிமிர்ந்து அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டுத் தட்டினாள். அடுத்த கேள்வி கழிவறை பற்றியது.

ஏன் அப்படிச் சொன்னேன்? அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேருந்தில் கேட்கிறேன், சேலை மடிக்கையில் கேட்கிறேன். வெட்கமா? இருக்கலாம். அப்படி ஒருத்தி இருந்தால் வீடு கொடுக்காமல் ஏதோ இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று டீக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டிருந்தேன், அதுவா? அதுவும் இருக்கலாம். ஆனால் இவையெல்லாம் பிறகு நான் தேடிப் பிடித்த காரணங்கள். அந்த நொடியில் எனக்குள் ஒன்றுமே இல்லை. அந்தச் சொல்லுக்குரிய ஆள் யாரும் எங்கள் வீட்டில் இருப்பதாக எனக்கு நினைவில்லை, அவ்வளவுதான். தரையோடு தரையாக இருந்த வீடு அது. வாசலுக்கும் தெருவுக்கும் ஒரு கட்டை விரல் உயரம்கூட வித்தியாசம் கிடையாது. அந்த வீட்டில் அக்காவுக்கு எதுவும் குறையவில்லை.

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். திரும்ப உள்ளே போனாள். அந்தப் பெண் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

*

யாருக்கு எந்த வீடு என்கிற குலுக்கல் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் மாலைக்குப் பதிலாக ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம். முதலில், குலுக்கல் இல்லாமலே, கீழ்த்தளத்து வீடுகளை நடக்க முடியாதவர்கள் உள்ள குடும்பங்களுக்குப் பெயர் வாசித்துக் கொடுத்தார்கள். இப்படி ஒரு ஒதுக்கீடு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேருக்கு நடுவில் எழுந்து, கணக்கெடுப்பில் நான் "இல்லை" என்று சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். கால்கள் நிற்கப் பழகியவைதான். அன்று எழவில்லை.

மிச்சம் இருந்த கீழ்வீடுகளில் ஒன்று, வெள்ளத்தில் வீடு போன ஆட்டோக்காரருக்கு விழுந்தது. எனக்கு மூன்றாவது மாடி. அதற்கு மேலே மொட்டை மாடிதான்.

தெருக்காரர்கள் என் முதுகில் தட்டினார்கள். வெள்ளம் பார்த்த சனம் அல்லவா, உயரம்தான் அவர்களுக்கு அதிர்ஷ்டம்.

"யோகக்காரர் வே நீரு. இனி ஆறே எந்திரிச்சு வந்தாலும் ஒம்ம கால் நனையாது."

"மேல இருந்து எங்களுக்குக் கயிறு போடும் வே, மறந்துராதீரு."

ஆட்டோக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்பவும் தரையிலதானா அண்ணாச்சி" என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு மேஜைக்குப் போய்ப் பைய விஷயத்தைச் சொன்னேன். அதிகாரி நல்ல மனிதர்தான். படிவத்தைத் தேடி எடுத்துக் காட்டினார்.

"இல்லைன்னுதான இருக்கு? சான்றிதழ் உண்டுமா?"

"வாங்கலை சார்."

"வாங்கிட்டு வாங்க, பாப்போம். இப்ப உள்ளதை ஏத்துக்கிடுங்க. வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டியன்னா, அப்புறம் இதுவும் கிடையாது."

சாவியை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா சுற்றிக்கொண்டிருந்த பீடியைக் கட்டி முடித்தாள். பிறகு, "மாடில காத்து நல்லா வருமே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சான்றிதழுக்கு அலைய நேரம் இல்லை. கார்த்திகை முடிய நான்கு நாள்தான் இருந்தது. மார்கழியில் யார் வீடு குடிபோவார்கள்? தண்ணீர்க் குழாய் இன்னும் சரியாகவில்லை, மின்சாரம் பாதி வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது, தை மாதம் வந்தால் எல்லாம் முடிந்திருக்கும், பொறுத்து வாருங்கள் என்று அதிகாரிகளே சொன்னார்கள். யாரும் கேட்கவில்லை. மார்கழி பிறந்தால் ஒரு மாதம் கரையில் கிடக்க வேண்டும். போன மார்கழி என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் முழுத் தெருவும் பால் காய்ச்சியது. ஒரே விடியற்காலையில், ஒரே கட்டடத்தில், தளம் தளமாக. புகையும் சாம்பிராணியும் பால் பொங்கும் வாசனையும் மாடிப்படிகளில் ஏறி இறங்கின. மேலே யாரோ மணியடிக்க, கீழே யாரோ தேங்காய் உடைக்க, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா ஏறிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோக்காரர் முன்னால், நான் பின்னால். படி திரும்புகிற இடம் குறுகல். நாற்காலியைச் சாய்க்காமல் திருப்ப முடியவில்லை. சாய்த்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளத்தில்கூட மூடவில்லை.

"ஏய்யா, சாமி சப்பரம் தூக்குத மாதிரில்லா தூக்குதிய" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"சாமின்னா கனக்காது எக்கா" என்றார் ஆட்டோக்காரர், மூச்சிரைக்க.

மேலே, காலி அறையில், மூன்று செங்கல் கூட்டி என் மனைவி அடுப்பு வைத்திருந்தாள். பால் சட்டியை எடுத்தவள், ஒரு நொடி நின்று, அதை அக்காவிடம் நீட்டினாள்.

"மைனி, நீங்க வைங்க."

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எந்த வீட்டில் பால் காய்ச்சும்போதும் அவளை அடுப்புப் பக்கம் யாரும் கூப்பிட்டதில்லை. ஓரமாக உட்கார்ந்து, கடைசியில் தம்ளரில் வருவதைக் குடித்துவிட்டு வருவாள். அன்று சட்டியை வாங்கிய அவள் கைகளை நான் பார்த்தேன். காய்த்துப்போன உள்ளங்கை. பாலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொங்கியது, கிழக்குப் பக்கமாக வழிந்தது. அவள் போட்ட குலவைச் சத்தம் அந்த வெறும் சுவர்களில் பட்டு எங்களுக்கே திரும்பி வந்தது.

*

அதற்குப் பிறகு அவள் இறங்கவில்லை.

மாடி வாழ்க்கை என்பது என்ன என்று எனக்கு அவளைப் பார்த்துத்தான் தெரிந்தது. கரையில் பெண்கள் எல்லோரும் ஒரே தரையில் இருந்தார்கள். இங்கே ஒருத்தி முதல் மாடி, ஒருத்தி இரண்டாவது, ஒருத்தி எதிர்க் கட்டடம். ஒவ்வொருத்திக்கும் ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள். எழுந்து நடந்துகொண்டிருந்த பேச்சு படியேற முடியாமல் நின்றுவிட்டது. கைச் செருப்பு கதவுக்குப் பின்னால் கிடந்தது. ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகியும் புதுசாகவே இருந்தது.

பீடிக்கடைக்காரர் மேலே வர மாட்டார். கீழே நின்று மணியடிப்பார். அக்கா பால்கனிக் கம்பிக் கதவைத் திறந்து வாளியைக் கயிற்றில் இறக்குவாள். சுற்றிய கட்டுகள் இறங்கும், இலையும் தூளும் ஏறும்.

"எக்கா, இதுல நாலு கட்டு தலை மடிப்பு சரியில்ல."

"அங்கன நின்னுக்கிட்டுச் சொல்லாதிரும். இங்கன ஏறி வந்து காட்டும்."

"நான் ஏறி வந்தா நீங்க எறங்கி வருவியளா?"

"எறங்கி வந்தா ஒம்ம கடையே தாங்காது வே."

சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பிறகு கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு கீழே பார்த்திருப்பாள். என் மனைவி ஒருநாள் என்னிடம், "ஒங்க அக்கா தரையைப் பாக்குத பார்வையைப் பாத்தியளா? எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அன்றே கம்பிக் கதவின் பூட்டைச் சோதித்தேன். எதற்குச் சோதித்தேன் என்று என் மனைவி கேட்கவில்லை.

சுவரில் ஒரு விரிசல் ஜன்னல் மூலையிலிருந்து புறப்பட்டு வந்தது. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் குடத்தைத் தூக்கி நான் ஏறினேன். கடையில் பகல் முழுக்க நின்ற கால், வீட்டுக்கு வந்து படிகளில் மடங்கும்.

கீழே ஆட்டோக்காரர் மனைவி வேறொரு கஷ்டத்தில் இருந்தாள். படுத்தால் தூக்கம் வருவதில்லை. கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டுத் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாளாம், ஈரம் இருக்கிறதா என்று. மழைத்தூறல் விழுந்தால் பிள்ளைகளை எழுப்பி மாடிப்படியில் உட்கார வைக்கிறாளாம். மார்கழி பாதியில் ஆட்டோக்காரர் மேலே வந்தார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னார்:

"அண்ணாச்சி, நாம மாத்திக்கிடுவோமா? ஒங்களுக்குக் கீழ, எங்களுக்கு மேல. சாமானைத் தூக்கி வைக்க அரை நாளு. வீட்டுக்காரி கொஞ்சம் கண்ணு மூடுவா."

எனக்குள் ஏதோ அணை திறந்த மாதிரி இருந்தது. என் மனைவி அப்போதே எழுந்து சட்டிகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

அவள் இலையை வெட்டிக்கொண்டிருந்தாள். "பால் காய்ச்சியாச்சுல்லா" என்றாள்.

"அதுக்கென்ன மைனி? அங்கனயும் காய்ச்சிக்கிடுவோம்."

"கிழக்க பொங்குனது இந்த வீட்ல. இதை விட்டுட்டு எங்கன போகச் சொல்லுத?"

"எறங்க முடியாமக் கெடக்குதியளே."

"கெடந்துட்டுப் போறேன். மார்கழில எவன் வீடு மாத்துதான்? தை பொறக்கட்டும்."

என் மனைவிக்குக் கோபம் வந்தது. அன்று அவள் அக்காவிடம் பேசவில்லை. ஆட்டோக்காரர், "சரி எக்கா, தை பொறக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். எனக்கும் அக்கா மேல் எரிச்சல்தான். அவளுக்கு அந்தச் சட்டியைக் கொடுக்காமல் இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததற்கு இன்றும் கூசுகிறது. அவள் ஆயுசில் அவளுக்கென்று பொங்கிய ஒரே பால் அது.

பொங்கலுக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது ஒவ்வொரு கட்டடத்தின் படிக்கட்டுச் சுவரிலும் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். ஒதுக்கப்பட்ட வீட்டை வாடகைக்கு விடுவதோ, விற்பதோ, பிறருடன் மாற்றிக்கொள்வதோ கூடாது. ஆய்வில் தெரிந்தால் ஒதுக்கீடு ரத்து. அதற்குக் காரணம் இருந்தது. எதிர்க் கட்டடத்தில் சிலர் வீட்டைக் கைமாற்றிவிட்டு மறுபடி கரைக்கே போயிருந்தார்கள். இல்லாதவனுக்குக் கொடுத்தது இருப்பவன் கைக்குப் போய்விடக் கூடாது என்று போட்ட விதி. நல்ல விதிதான். அது படியேறி வந்து எங்கள் கதவைச் சாத்தியது.

ஆட்டோக்காரர் படியிலேயே நின்று பேசினார். உள்ளே வரவில்லை.

"கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. இதுவும் போச்சுன்னா நாங்க ஆத்துலதான் போய்க் கெடக்கணும்."

"நீங்க என்ன செய்விய தம்பி."

"எக்கா கேட்டா என்ன சொல்ல?"

கதவு திறந்துதான் இருந்தது. அக்கா உள்ளேயிருந்து, "கேட்டுட்டுதான் இருக்கேன். போயிப் பிள்ளையளைப் பாரும்" என்றாள்.

தை பிறந்தது. அன்று அடுக்களையில் இன்னொரு பால் பொங்கியது. அது எந்தப் பக்கம் வழிந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

*

மாசிக் கடைசியில், சான்றிதழ் கொடுக்கும் முகாம் பாளையங்கோட்டையில் நடப்பதாகத் தெரிந்தது. அக்கா வர மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டாள். மறுபடி நாற்காலி, மறுபடி ஆட்டோக்காரர் முன்னால், நான் பின்னால். ஏறும்போது கண்ணை மூடியவள் இறங்கும்போது திறந்தே வைத்திருந்தாள்.

மருத்துவர் நிமிராமல் எழுதினார். இளம்பிள்ளை வாதம் என்றார். சதவீதம் போட்டார். பிறகு நிமிர்ந்து, இவ்வளவு வயதாகிவிட்டதே, இதுவரை ஏன் வாங்கவில்லை என்று கேட்டார்.

"தேவப்படலை" என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

அந்தத் தாளோடு வீட்டு வசதி அலுவலகத்துக்குப் போனோம். ஆட்டோவிலேயே அக்கா உட்கார்ந்திருந்தாள். அதே அதிகாரி. தாளை மரியாதையாக வாங்கிப் பார்த்தார்.

"ஒதுக்கீடு முடிஞ்சுட்டே அண்ணாச்சி. கீழ ஒரு வீடும் காலி இல்ல. காத்திருப்புப் பட்டியல்ல சேத்துருதேன். இந்தப் படிவத்தைப் பூர்த்தி பண்ணிக் கொண்டு வாங்க. காலியானா மொத உங்களுக்குத்தான்."

"எப்பம் சார் காலியாகும்?"

அவர் படிவத்தை என்னிடம் நீட்டினார். "கீழ உள்ளவங்க யாராவது ஒழிச்சுட்டுப் போனாத்தான்."

ஆட்டோவுக்கு வந்து இதைச் சொன்னேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா, "அப்பம் இவரு குடும்பம் ஒழியணும்னு நான் மேல இருந்து நேந்துக்கிடணுமாக்கும்" என்றாள். ஆட்டோக்காரர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வண்டியைக் கிளப்பினார்.

கட்டடத்துக்கு வந்ததும் நாற்காலியை எடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். ஆட்டோவிலிருந்து உள்ளங்கையை ஊன்றி, தானே தரைக்கு இறங்கினாள். சரளைக் கல்லும் சிமெண்ட் தூசியும் கலந்த தரை. கரை மண் மாதிரி மெதுவில்லை. செருப்புக் கைகளை ஊன்றி ஊன்றி, கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். குப்பைத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, எதிர்க் கட்டடத்தின் பின்பக்கம், எல்லாவற்றையும் மூன்று மாதமாக மேலே இருந்து பார்த்திருந்தவள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய்ப் பார்த்தாள். பிறகு ஆட்டோக்காரர் வீட்டு வாசல் நிழலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மேலே பார்த்து, "ஏட்டி, என் சுளகை எறக்கு" என்றாள். என் மனைவி வாளியில் இறக்கினாள்.

முதல் மாடியிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். சுளகோடு வந்தாள். இரண்டாவது மாடியிலிருந்து ஒருத்தி. எதிர்க் கட்டடத்திலிருந்து இருவர். ஆட்டோக்காரர் மனைவி வாசலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வரிசை. யார் மகள் யாரோடு போனாள், யார் வீட்டில் சாக்கடை திரும்பி வருகிறது, யார் மாமியார் இன்னும் சாகவில்லை. பேச்சு எழுந்து நடந்தது. இப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் அதிகாரிகளைக் கூட்டிவந்து காட்டியிருப்பேன். எதைக் காட்டுவது? ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தியால் எழுந்திருக்க முடியாது என்பதைப் புதிதாக வருகிறவன் எவனும் கண்டுபிடிக்க முடியாது.

வெயில் தாழ்ந்தது. ஒவ்வொருத்தியாக எழுந்து போனாள். அடுப்பு இருக்கிறதே. அக்கா மட்டும் இருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எக்கா. எல்லாம் என்னாலதான். அன்னைக்கு அந்தப் பிள்ளை கேட்டப்ப நான் இல்லைன்னு சொல்லிட்டேன். உண்டுன்னு சொல்லியிருந்தா நீ இங்கனயே இருந்திருப்ப."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எனக்குத் தெரியும். நான் அங்கனதான இருந்தேன்."

"பெறவு ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"என்ன சொல்ல? நீ இல்லைன்ன. அந்தப் பிள்ளை என்னையப் பாத்துச்சு. சிரிச்சுச்சு. அடுத்த கேள்வியைக் கேட்டுச்சு." கையிலிருந்த பீடியைத் திருப்பிப் பார்த்தாள். "அப்படி என்னைய யாரும் பாத்ததில்லலே. எல்லாரும் மொதல்ல காலைத்தான் பாப்பாங்க. எனக்கு அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. பால் காய்ச்சுனப்ப இருந்த மாதிரி."

ஆட்டோக்காரர் வந்தார். நாற்காலியில் ஏற்றினோம். இரண்டாவது திருப்பத்தில், சாய்த்தபோது, நாற்காலியின் ஒரு கால் விரிந்து கொடுத்தது. அக்காவைப் படியில் இறக்கி வைத்தோம். மிச்சப் படிகளை அவள் ஏறினாள். படிகளுக்கு முதுகைக் காட்டி, கையை மேல்படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி. நான் கீழ்ப்படியில் கையை நீட்டிக்கொண்டு பின்னால் போனேன். தொட விடவில்லை.

அன்று விளக்கு வைத்த பிறகு அந்தப் படிவத்தை எடுத்தேன். பெயர், கட்டடம், தளம். பிறகு அந்தக் கேள்வி, மாற்றுத்திறனாளி என்கிற அதே சொல்லோடு. அக்கா எதிரே உட்கார்ந்து உள்ளங்கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. விரிசல் விட்ட சுவரைப் பார்த்தாள்.

"உண்டு" என்று எழுதினேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"சரி. குடத்துல தண்ணி இருக்கான்னு பாரு. காலைக்கு இலை நனைக்கணும்."

குடம் காலியாக இருந்தது. எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.